இளகாத கோடு

கம்பி முழங்கால் அளவுகூட இறங்கவில்லை. அப்படியே நின்றுவிட்டது.

"கல்லா?" என்று கேட்டான் ஹெயிகா.

கல்லில் பட்டால் கைப்பிடி துள்ளும். பழைய வேரில் பட்டால் அது கம்பியைக் கவ்விக்கொள்ளும், திரும்ப உருவ இரண்டு பேர் வேண்டும். இது இரண்டும் இல்லை. மொத்தமான, மழுங்கலான ஒரு நிறுத்தம். உறைந்த மண்ணுக்கே உரிய நிறுத்தம்.

"கல் இல்லை. ஐஸ்தான்."

"இவ்வளவு மேலேயா?"

அதுதான் எனக்கும் புரியவில்லை. போன வருடம், அளப்பதற்காக நான் அடித்து வைத்த இதே முளைக்கட்டையின் அருகில் கம்பி என் இடுப்பு உயரத்துக்கு உள்ளே போயிருந்தது.

எங்கள் ஊர் ரவ்தூயவ்ரிக்கு வடக்கே பெரிய சதுப்பு. கோடையில் மேலே பாசியும் குட்டைப் புதர்களும், மஞ்சளாய் மேகப்பழமும். அடியில் எந்தக் கோடையிலும் உருகாத உறைமண். ஒவ்வொரு செப்டம்பரிலும், குளிர் திரும்பி வந்து மேல்மண்ணைப் பூட்டுவதற்குள், நான் அங்கே போய் முளை முளையாகக் கம்பியை இறக்குவேன். அந்த வருட வெயில் எவ்வளவு ஆழம் இளக்கியிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. டிரோம்சோ நகரத்தில் படித்துவிட்டு, அங்கேயே வேலையும் பார்த்துவிட்டு, இந்தச் சதுப்புக்காகவே ஊருக்குத் திரும்பி வந்தவள் நான். ஹெயிகா என் பெரியப்பா மகன். கலைமான் மேய்ப்பவன். மந்தை கடற்கரையிலிருந்து திரும்பி வரும்வரை அவனுக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. அந்த நாட்களில் என்னோடு வந்து கம்பி பிடிப்பான், நான் கொண்டுபோகும் காபியைக் குறை சொல்வான்.

வருடா வருடம் இங்கே ஒரே கதைதான். ஆழம் கூடிக்கொண்டே போகும். வயிற்றுக்குள் ஐஸ் வைத்திருக்கும் மேடுகள் ஓரம் வெடித்து, பாளம் பாளமாகத் தண்ணீரில் சரியும். சரிந்த இடத்தில் பஞ்சுப்புல் முளைக்கும். கூடுவதைத்தான் நாங்கள் பார்த்துப் பழகியிருந்தோம். குறைந்து பார்த்ததே இல்லை.

"கம்பி வளைஞ்சிருக்கும்" என்றான் ஹெயிகா. எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தான். நேராகத்தான் இருந்தது. அடுத்த முளைக்குப் போனோம். இடுப்பளவு இறங்கியது. அதற்கடுத்ததும் அப்படியே. அடுத்த வரிசையில் ஒரு முளையில் மட்டும் மறுபடி முழங்காலுக்குக் கீழேயே நின்றது. அங்கேயே ஒரு முழம் தள்ளிக் குத்தினேன். அங்கும் நின்றது. நாலு முழம் தள்ளிக் குத்தினால் சரசரவென்று உள்ளே போனது.

கம்பி நின்ற இடங்களிலெல்லாம் ஹெயிகா தன் பையிலிருந்த ஆரஞ்சு நாடாவைக் கிழித்துச் செடிகளில் கட்டினான். பட்டி கட்டும்போது பயன்படுத்துகிற நாடா அது. சாயங்காலம் பக்கத்து மேட்டில் ஏறி நின்று பார்த்தோம்.

நாடாக்கள் எல்லாம் ஒரே கோட்டில் நின்றன. தெற்கு ஓரத்தில் ஆரம்பித்து, முளை வரிசைகளைச் சாய்வாக வெட்டிக்கொண்டு, வடக்கே போய் மறைந்தது அந்தக் கோடு.

"ஸ்தாலு பூதம் நடந்த வழி" என்றான் ஹெயிகா. "காலு ஐஸ் மாதிரி இருக்கும்னு எங்கப்பா சொல்வாரு."

"பூதத்துக்கு இவ்வளவு நேரா நடக்கத் தெரியுமா?"

"குடிக்காத பூதமா இருக்கும்."

நான் சிரித்தாலும் மனசு கோட்டை விட்டு அகலவில்லை. அடியில் தண்ணீர் ஓடுகிறதா? ஓடினால் ஐஸ் உருகும், தங்காது. பாசி அடர்த்தியாக இருக்கிறதா? மண்டியிட்டுப் பார்த்தேன், இருபுறமும் எப்படியோ அப்படித்தான் நடுவிலும். நிழல்? குள்ளப் பூர்ச்ச மரங்கள் இந்தப் பக்கம் முழுக்க ஒரே மாதிரி நிற்கின்றன.

"வண்டித் தடமோ?" என்றேன்.

"போடி. வண்டித் தடத்தை நான் பார்த்ததில்லையா? நாலு சக்கர வண்டி ஒரு தடவை போனாப் போதும், பாசி கிழிஞ்சு, கறுப்பாகி, ரெண்டே வருஷத்துல குளமாயிடும். தடம்னா ஆழமாகணும். இது தலைகீழா இருக்கு."

அவன் சொன்னது சரி. கோடையில் போகும் வண்டி அப்படித்தான் செய்யும்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னேன். அம்மா இறந்த பிறகு நானும் அப்பா நீலாஸும்தான் வீட்டில். மேய்ச்சலைத் தன் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டார். விறகு, வலை, ரேடியோ என்று பொழுது போகும். இறைச்சிக் கஞ்சியில் எலும்பைத் தேடிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

"கம்பி வளைஞ்சிருக்கும்" என்றார்.

"ஹெயிகாவும் அதையேதான் சொன்னான். வளையலை."

"அப்ப வேற இடத்துல அள. சதுப்புக்கா பஞ்சம்?"

நான் அளவுகளை அனுப்பும் ஆய்வு நிறுவனத்துக்கு எழுதினேன். கருவிக் கோளாறாக இருக்கலாம், மறுபடி பார்க்கவும் என்று பதில் வந்தது. எனக்குத் தூக்கம் கெட்டது. சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்துக் கோட்டின் மேல் அளவுகோலை வைத்தேன். தெற்கு முனை எங்கள் விறகுக்கொட்டகைக்குப் பின்னால் உள்ள சரிவில் வந்து விழுந்தது. வடக்கு முனை கோர்சா ஏரியைத் தாண்டிப் போனது. அங்கே அளவுகோல் தீர்ந்துவிட்டது. விறகுக்கொட்டகையைப் பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. என் எண்ணமெல்லாம் மண்ணுக்குள்ளேயே இருந்தது.

மார்ச்சில், நீண்ட இருட்டு விலகி வெளிச்சம் கூடியதும் பனியின் ஆழத்தை அளக்கப் போனோம். ஹெயிகா மந்தையை மைத்துனனிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். பனி ஸ்கூட்டர்களைச் சதுப்பின் ஓரத்திலேயே நிறுத்திவிட்டுச் சறுக்குக்கட்டைகளை மாட்டிக்கொண்டோம். பூர்ச்ச மரங்களுக்கு நடுவே காற்று பனியைக் கொண்டுவந்து குவித்திருந்தது. பனிக்கோலை இறக்கினால் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. மெத்தென்ற, நல்ல ஆழமான பனி. நாலைந்து இடம் அப்படி. பிறகு ஓரிடத்தில் கோல் பாதியிலேயே மோதி நின்றது.

"மண்வெட்டியைக் கொடு" என்றேன்.

தோண்டத் தோண்ட எனக்கு வாயெல்லாம் பல். மேலே அன்று காலைக் காற்று வாரிப் போட்ட பனி ஒரு சாண். அதற்குக் கீழே பலகை போல ஓர் அடுக்கு. அதன் கீழே இன்னொரு பலகை. இன்னும் ஒன்று. தரை வரைக்கும் அப்படித்தான். ஒவ்வொரு பனிப்பொழிவும் விழுந்த சூட்டிலேயே அமுக்கப்பட்டிருந்தது.

"ஸ்கூட்டர்!" என்று கத்தினேன். "ஹெயிகா, இது ஸ்கூட்டர் தடம்! குளிர்காலத்துத் தடம்!"

"அதுக்கு எதுக்கு இப்படிக் குதிக்கிற?"

"பனி ஒரு கம்பளிடா. மெத்துனு இருந்தா மண்ணைக் குளிர்லேருந்து காப்பாத்தும். மேல வண்டி ஓட்டி அமுக்கினா கம்பளி தகடாயிடும். டிசம்பர் குளிர் முழுக்க நேரா உள்ள இறங்கும். அடி மண்ணு அப்படி விறைச்சுப் போகும். அப்புறம் கோடை வந்தாலும் சீக்கிரம் இளகாது. பாசிக்கும் ஒண்ணும் ஆகாது, ஏன்னா வண்டி பாசியைத் தொடவே இல்லை!"

ஹெயிகா குழிக்குள் எட்டிப் பார்த்தான். கையுறையைக் கழற்றி அடுக்குகளைத் தடவினான். "நவம்பர்லேருந்து போயிருக்கான். பனி விழ விழப் போயிருக்கான். ஒரு வாரம்கூட விடலை." பிறகு நிமிர்ந்து வடக்கே பார்த்தான். "இந்தப் பக்கம் யாருக்கு என்ன வேலை? நம்ம மந்தை தெற்கே இருக்கு. கொடி நட்ட ஸ்கூட்டர் பாதை ஏரிக்கரையோட போகுது."

"போய்ப் பார்ப்போமா?"

"உனக்கு வேணுங்கிறது கிடைச்சிடுச்சில்ல? பனி அமுங்கியிருக்கு, மண்ணு உறைஞ்சிருக்கு. யாரு அமுக்கினா உனக்கென்ன?"

நியாயமான கேள்விதான். ஆனால் எத்தனை வாரம் போனான், எவ்வளவு கனமான வண்டி, எந்த மாதத்தில் தொடங்கினான் என்றெல்லாம் தெரியாமல் நான் என்னவென்று எழுதுவது? ஹெயிகாவிடம் அப்படித்தான் சொன்னேன். உண்மையில் எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும், அவ்வளவுதான்.

ஏரியைத் தாண்டினோம். தடம் அங்கே காற்றில் புடைத்து நின்றது, சுற்றிலுமுள்ள பனியை விட உயரமாக. கரையேறிச் சின்ன முகட்டின் மேல் வந்து நின்றோம். கீழே நீல ஜன்னல் வைத்த ஒற்றை வீடு. புகைபோக்கியில் புகை. வாசலில் ஒரு ஸ்கூட்டர். அதன் இருக்கையில் வெள்ளைக் கலைமான் தோல் விரித்திருந்தது. ஒரு மூலை கருகியிருந்தது. அப்பா புகைக்குழாயைக் கவிழ்த்துக் கருக்கிய மூலை அது.

அன்று காலை கோர்சா ஏரியில் வலை பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அப்பா எனக்கு முன்பே கிளம்பியிருந்தார்.

"கோர்சாவுல மீனே கிடையாது" என்றான் ஹெயிகா. அவன் குரலில் சிரிப்பு இல்லை.

அது காஜாவின் வீடு. பள்ளிக்கூடத்தில் சமையல் செய்து ஓய்வு பெற்ற பெண்மணி. அவருடைய அண்ணன் ஒவ்லாதான், நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது, ஹெயிகாவின் அப்பாவைக் காதுக்குறி மாற்றியவர் என்று சொன்னது. கன்றின் காதில் வெட்டும் குறிதான் அது யாருடையது என்பதற்குச் சாட்சி. அதை மாற்றுவதை விடப் பெரிய களவு எங்களுக்குள் கிடையாது. வழக்கு நீதிமன்றம் வரை போனது. காஜாவையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து நின்று, ஒன்றும் சொல்வதற்கில்லை என்று உட்கார்ந்துவிட்டார். வழக்கு நிற்கவில்லை. ஆனால் சந்தேகம் நின்றுவிட்டது. பெரியப்பா இஸ்ஸாத் கடைசிவரை பட்டியில் தலை குனிந்தே வேலை செய்தார். காஜா ஒரு வார்த்தை, அவர் நல்லவர் என்று ஒரே ஒரு வார்த்தை, சொல்லியிருக்கலாம் என்பது பெரியப்பா வீட்டின் ஆறாத கோபம். எங்கள் குடும்பம் முழுவதும் காஜா வீட்டு வாசலை மிதிக்காமல் விட்டது. அப்பாவும்தான், அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

"ஹெயிகா..."

அவன் கட்டைகளைத் திருப்பிக்கொண்டான். சதுப்பின் ஓரம்வரை எனக்கு முன்னாலேயே சறுக்கிப் போனான். ஸ்கூட்டரை முடுக்கிக்கொண்டு தெற்கே போனான். பனிக்கோல் என் கையிலேயே இருந்தது.

அப்பா மத்தியானம் வந்தார். கையில் நாலு நல்ல சிவப்பு மீன்கள், சுத்தம் செய்தவை. தொட்டியில் போட்டார். கல் போல "டங்" என்று விழுந்தன.

"ஏரியிலேயே உறைஞ்சுபோச்சா?" என்றேன்.

அப்பா மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பார்த்துட்டியா?"

"தடத்தைத்தான் பார்க்கப் போனேன். எவ்வளவு நாளா?"

"உன் கம்பிதான் எல்லாம் சொல்லுமே."

"கம்பிக்கு வருஷம் தெரியாது."

"நாலு குளிர்காலம்." அப்பாவின் காதோரம் சிவந்திருந்தது. "முதல்ல சும்மாதான். அவ வீட்டுக் கூரையில பனி ஏறிக் கிடந்தது, தள்ளிக் கொடுக்க ஆளில்ல. காபி கொடுத்தா. அப்புறம் பேச்சு. இந்த ரெண்டு குளிர்காலமாத்தான் வாரா வாரம். உங்கம்மா போனப்புறம் நான் இவ்வளவு பேசினதே இல்ல, ரவ்னா. உன்கிட்ட பேசினா நீ ஐஸைப் பத்தியே பேசற."

காபி போட்டேன். எங்கள் வழக்கப்படி சீஸ் துண்டுகளைக் காபிக் கோப்பைக்குள்ளேயே போட்டு அவர் முன் வைத்தேன். கேட்க ஆயிரம் இருந்தது. என் வாயிலிருந்து வந்ததோ இதுதான்:

"அப்பா, தடத்தை மாத்தணும்."

"என்ன?"

"என் முளைங்களுக்கு நடுவுல போகுது. அளவெல்லாம் கெட்டுப்போச்சு. இல்ல, கெட்டுப்போகலை, வேற ஒண்ணா ஆயிடுச்சு. ஆனா இனிமே அங்க ஓட்டக் கூடாது."

"எங்க மாத்தறது? மேற்கே ஆறு, ஐஸ் நம்ப முடியாது. கிழக்கே ரோடு."

"ரோட்டுலயே போ."

"ரோட்டுல போனா ஊர் முழுக்கப் பார்க்கும்."

"பார்க்கட்டும்."

அப்பா சீஸைக் கரண்டியால் எடுத்து மென்றார். "ஹெயிகா?" என்றார் கடைசியில்.

"என்னோடதான் இருந்தான்."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அப்பா சவரம் செய்துகொண்டு, வெள்ளிக் குமிழ் வைத்த இடுப்பு வார் கட்டிக்கொண்டு காரை எடுத்தார். ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, கடையில் இருக்கும் எல்லே எனக்குப் போன் செய்தாள். "ரவ்னா, உங்கப்பா காரு காஜா வீட்டு வாசல்ல நிக்குதாமே. இன்ஜின் கோளாறா? ஆள் அனுப்பணுமா?"

"கோளாறு ஒண்ணும் இல்ல. காபி குடிக்கப் போயிருக்காரு."

மறுமுனையில் மூச்சு நின்றதே எனக்குக் கேட்டது.

ஊர் ஒரு மாதம் பேசியது. பிறகு பனி உருகியது, ஆற்றில் வெள்ளம் வந்தது, அதைப் பேச ஆரம்பித்தது. ஹெயிகாதான் பேசவில்லை. அப்பா இரண்டு முறை அவன் பட்டிக்குப் போனார். முதல் முறை அவன் வேலை இருக்கிறது என்றான். இரண்டாம் முறை, "நீங்க எங்க வேணா போங்க சித்தப்பா, என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றானாம். வசந்தத்தில் மந்தையோடு கடற்கரைக்குப் போய்விட்டான். கோடை முழுக்க என் போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் வந்தது. கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகத்தான் கிளம்பினேன். சதுப்பின் ஓரத்தில் அப்பாவும் காஜாவும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"நான் செஞ்ச கோளாறு. வந்து உதவி செய்யலாம்னு..." என்றார் அப்பா.

"நான் உதவிக்கு வரலை" என்றார் காஜா. "எனக்கு இதைப் பார்க்கணும். நாலு வருஷமா என் ஜன்னல்லேருந்து இந்த மனுஷன் வர்றதைப் பார்த்திருக்கேன். அது மண்ணுக்குள்ள இறங்கியிருக்குன்னா எவ்வளவு தூரம் இறங்கியிருக்குன்னு தெரிய வேண்டாமா?"

எனக்கு அந்த அம்மாவை உடனே பிடித்துப்போனது.

கம்பியை அவரே வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு முளையிலும் ஒரு கேள்வி. உறைமண்ணுக்கு அடியில் என்ன? அதற்கும் அடியில்? மேடு வருடா வருடம் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குமா? ஐஸ் எத்தனை வயசு? பாதிக்கு எனக்கே பதில் தெரியாது. தெரியாது என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "அப்ப இன்னும் வேலை இருக்கு."

கோடு இருக்கிற வரிசைக்கு வந்தபோது, தெற்கிலிருந்து யாரோ தண்ணீரைத் தவிர்த்து வளைந்து வளைந்து வருவது தெரிந்தது. நடையைப் பார்த்ததுமே ஹெயிகா என்று தெரிந்துவிட்டது. அப்பா கையிலிருந்த முளைக்கட்டை நழுவியது. காஜா மட்டும் கம்பியை விடவில்லை.

அருகில் வந்து நின்றான். கடற்காற்றில் கறுத்திருந்தான். யாரையும் பார்க்காமல் கம்பியையே பார்த்தான்.

"சாய்ச்சுக் குத்தறீங்க" என்றான். "நேரா இறக்கணும். இல்லாட்டி ஆழம் கூடுதலாக் காட்டும்."

காஜா நிமிர்த்திப் பிடித்தார். "இப்படியா?"

"ம்."

கம்பி இறங்கி நின்றது. அவர் அதைப் பிடித்தபடியே பேசினார். "அன்னிக்கு நான் ஒண்ணும் பார்க்கலை, ஹெயிகா. எங்கண்ணன் பார்த்ததாச் சொல்லச் சொன்னான். உங்கப்பா கத்தி எடுத்ததைப் பார்த்தேன்னு சொல்லணும்னான். ரெண்டு ராத்திரி உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். நான் எழுந்து நின்னேன், அந்தப் பொய் வாயில வரலை. சொல்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு உட்கார்ந்துட்டேன். அதுக்கப்புறம் சாகற வரைக்கும் அவனும் என்கிட்டப் பேசலை."

ஹெயிகா அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தான். "அதை அப்பவே சொல்லியிருக்கலாமே. எங்கப்பாகிட்டயாவது."

"சொல்லியிருக்கணும். சொன்னா எங்கண்ணன் ஜெயிலுக்குப் போயிருப்பான். நான் ரெண்டு பேருக்கும் நடுவுல வாயை மூடிக்கிட்டேன். உங்கப்பா பட்டியில நின்ன நிலையைப் பார்த்துட்டும் மூடிக்கிட்டேன்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையை அழுத்தினேன்.

ஹெயிகா குனிந்து, கம்பி மண்ணைத் தொடும் இடத்தில் விரல் வைத்து, உருவி எடுத்து அளவைப் பார்த்தான். "ரவ்னா, எழுது" என்றான். அளவைச் சொன்னான். பிறகு, "அம்மாகிட்ட வந்து இதைச் சொல்வீங்களா? என்கிட்டச் சொன்ன மாதிரியே?" என்றான்.

"சொல்றேன். எப்ப?"

"மந்தை வந்துடட்டும். அடுத்த வாரம்."

அவ்வளவுதான் பேசினார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை இரண்டு பக்கமும் வரவில்லை. அடுத்த வாரம் காஜா போனார். அங்கே பெரியம்மா என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. பெரியம்மா அழுதார் என்றும், பிறகு திட்டினார் என்றும், பிறகு சாப்பிட வைத்து அனுப்பினார் என்றும் அப்பா சொன்னார்.

சதுப்பில் அன்றைக்கு அளந்து முடித்தபோது கோடு அநேகமாக அப்படியே இருந்தது. அப்பா மார்ச்சிலேயே நிறுத்திவிட்டாலும் நவம்பரிலிருந்து ஓட்டியது போதுமானதாக இருந்திருக்கிறது. வடக்குக் கோடியில் இரண்டு முளைகளில் மட்டும் கம்பி கொஞ்சம் கூடுதலாக இறங்கியது. இனி ஓட்டாத குளிர்காலங்களில் கோடு எவ்வளவு வேகமாக இளகும்? ஒரே வருடத்தில் போய்விடுமா, மெல்ல மெல்லவா? நிறுவனத்தில் இப்போது கருவிக் கோளாறு என்று யாரும் சொல்வதில்லை. மாதம் ஒரு முறை கேட்டு எழுதுகிறார்கள்.

ஹெயிகாவுக்கு வேறொரு யோசனை. காஜா வீட்டுக்குப் பின்னால் சரிந்துகொண்டிருக்கும் மேடு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பாதியில் மட்டும் இந்தக் குளிர்காலம் முழுக்க ஸ்கூட்டர் ஓட்டிப் பார்க்கலாம், மறுபாதியை விட்டுவிடலாம் என்கிறான்.

"அப்ப சதுப்பு முழுக்க ஓட்டினா உலகமே பிழைச்சிடும்ங்கறியா?" என்று கேட்டேன்.

"பெட்ரோல் யாரு கொடுக்கறது? நான் ஒரு மேட்டைத்தான் கேட்கறேன்."

"சரிவுல பனி நிக்காது. ஓரம் இன்னும் வெடிக்கலாம்."

"வெடிச்சா வெடிக்குது. அதுவும் தெரியணுமில்ல?"

ஓட்டிப் பார்ப்பதற்கான அனுமதி டிசம்பரில் வந்தது. ஹெயிகா கிழக்குப் பாதியில் ஓட்டுகிறான். மேற்குப் பாதியில் யார் கால் வைத்தாலும் காஜா ஜன்னலைத் திறந்து கத்துகிறார். போன வாரம் அப்பாவுக்கே திட்டு விழுந்தது. உள்ளே ஐஸ் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று செப்டம்பர் வரை எங்களில் யாருக்கும் தெரியாது.